பழைய கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது எப்படி?



வரவு செலவு, கொடுக்கல் வாங்கல், ஜகாத் விவரங்களை மைக்ரோசாஃப்ட் மணி மென்பொருளில் பதிந்து வைத்திருப்போர் கவனிக்கவும். அதன் விற்பனை 2009 ஜூன் 30இல் நின்றுவிட்டது. பழைய கணினி பழுதானால், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற விவரமும் அதோடு போய்விடும்.

முதலில் கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுங்கள். 2010இல் இலவசமாக வெளியான மணி பிளஸ் சன்செட் பதிப்பு, முந்தைய பதிப்புகளின் கோப்பைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். மாற்றியதைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது, நகல் அதற்காகத்தான்.

வேறு மென்பொருளுக்குப் போவதானால், ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே கியூஐஎஃப் கோப்பாக எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் குனூகேஷில் ஏற்றலாம். இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. 5/4 என்பது ஏப்ரல் 5ஆ, மே 4ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவணைத் தேதியே மாறிவிடும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகை இருமுறை பதிவாகியிருக்கலாம், ஒன்றை நீக்குங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் பழையதோடு ஒப்பிடுங்கள். காசுக்குக் காசு ஒத்துப்போகும்வரை பழையதை அழிக்க வேண்டாம். கடனை எழுதி வைக்க மார்க்கம் சொல்லியிருக்கிறது. எழுதியதைக் காப்பதும் நம் பொறுப்பே.