திண்ணைப் பேச்சின் வேகம்

திருவானைக்காவலில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் திண்ணை வைத்த வீடுகள் குறைந்துவிட்டன; மிஞ்சியவற்றில் சிலவற்றுக்குக் கம்பிக் கதவும் போட்டாயிற்று. ஆனால் வெயில் தாழ்ந்ததும் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேசுவது நிற்கவில்லை. வாசற்படிக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பேச்சில் அவசரமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளியை அளந்தால், அது மனிதர் செய்யும் மிக வேகமான காரியங்களில் ஒன்று.

2009இல் 10 மொழிகளின் உரையாடல்களை ஆராய்ந்தவர்கள், ஆம்-இல்லை வகைக் கேள்விக்குப் பதில் வரச் சராசரியாக 200 மில்லி விநாடி ஆவதைக் கண்டார்கள். ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னாலோ, வாயிலிருந்து சொல் வர 600 மில்லி விநாடி பிடிக்கிறது. கேட்டு முடித்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் கணக்கு உதைக்கும். ஆகவே எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் தயாராகிறது.

காவிரிப் பாலம் தாண்டிப் போகும் நகரப் பேருந்தில் திருவானைக்காவலில் இறங்க வேண்டியவர், நிறுத்தம் வரும் முன்பே பையோடு எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகர்வதைப் போன்றது இது. குரலின் ஏற்ற இறக்கம்தான் கண்டக்டரின் விசில். வண்டி நிற்காமல் போய்விட்டால் எழுந்தவர் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். பேசுபவர் பேச்சை நீட்டினால் கேட்பவர் “ம்ம்” என்று சொல்லி அப்படித்தான் தொங்குகிறார். உவமையை இதற்கு மேல் ஓட்டினால் டிக்கெட் கேட்பார்கள்.

மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்த சி. வி. ராமன் 1888இல் பிறந்தது இந்த ஊரில்தான். ஆனால் பேச்சில் முறை மாறும் விதத்தை ஆராய ஒலிப்பதிவு நாடா பரவ வேண்டியிருந்தது. ஆய்வாளர்களான சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் அதன் விதிகளை வகுத்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

தமிழ் அந்த 10 மொழிகளில் இல்லை. ஆனால் இங்கே ஊகிக்கும் வேலை எவ்வளவு கடினம் என்பதை ஒரு வாக்கியமே காட்டும். “மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்களா?” என்பது கேள்வி. “திறந்துட்டாங்களாமே” என்றால் கேள்விப்பட்ட சேதி. வித்தியாசம் கடைசி அசையில் ஒளிந்திருக்கிறது. “நேத்தே திறந்தாச்சே” என்ற பதில் அதற்குள் நாக்கு நுனிக்கு வந்திருக்கும். வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளுவதில் ஜப்பானியமும் தமிழைப் போலத்தான். அந்த ஆய்வில் மிக வேகமான மொழி அதுவே, சராசரி 7 மில்லி விநாடி. மிக மெதுவான டேனிஷ் மொழியிலும் அரை விநாடியைத் தாண்டவில்லை.

அப்படியானால் நிதானம் எங்கே இருக்கிறது? பதிலில் இல்லை, ஒரு விஷயம் தீர்ந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள மௌனத்தில். 2023இல் வெளிவந்த டார்ட்மத் பல்கலைக்கழக ஆய்வு இரண்டு விநாடிக்கு மேற்பட்ட இடைவெளிகளை எடுத்துக்கொண்டது. புதியவர்களுக்கு அது சங்கடம், நண்பர்களுக்கு அப்படியில்லை. திண்ணையில் இருவரும் தெருவைப் பார்த்து உட்காருவதால் மௌனத்தில் முகம் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போகிற தயிர்க்காரரே அடுத்த பேச்சைத் தொடங்கி வைப்பார்.

திண்ணைப் பேச்சை வைத்து “பக்கத்து வீட்டாரோடு பேசினால் ஆயுள் கூடும்” என்று வரும் தலைப்புகளைச் சற்றுத் தள்ளியே வைக்கலாம். அவற்றின் வேர் 2010இல் 148 ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பு. உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்றது அது. அதில் அளக்கப்பட்டது குடும்பம், நட்பு, ஊர்க்கூட்டம் எல்லாம் சேர்ந்த மொத்த உறவு. வாசல் அரட்டை தனியாக அல்ல. உடம்பு முடியாதவர் வாசலுக்கு வருவதும் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது.

அக்கம்பக்கத்தாரைச் செயலியில் இணைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; அங்கே சிக்கல் குரலின் தாமதம். தொலைபேசிக் குரல் ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குமேல் தாமதிக்காதிருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். போக வர அதுவே 300 ஆகிறது. 200 மில்லி விநாடிக்குப் பழகிய காதுக்கு அது தயக்கமாகவே கேட்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீங்க சொல்லுங்க” என்பது இதனால்தான். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் குரல் வந்து சேர ஆவது ஏறத்தாழ 3 மில்லி விநாடி.