ஜீரோ விமானத்தில் இல்லாத ரப்பர்

மமோரு ஓஷீ இயக்கி 2008-இல் வெளிவந்த 'ஸ்கை க்ராலர்ஸ்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் போர்விமானம் ஓட்டுபவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகளைப் போலவே இருப்பார்கள். அவர்களுக்கு வயது ஏறுவதே இல்லை. ஒருவர் வானில் விழுந்தால், அந்த இருக்கைக்கு இன்னொருவர் வந்து சேர்வார்.

வயது ஏறாதது கற்பனை. மற்றது அவ்வளவு கற்பனையில்லை. ஜப்பானியக் கடற்படை 1930-இல் தொடங்கிய 'யோகரென்' விமானப் பயிற்சியில் 15, 16 வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் பள்ளிக் கணக்கில் படிவம் 3, படிவம் 4. அப்படிப் பயின்று வந்தவர்கள் ஓட்டிய விமானங்களில் பெயர் பெற்றது ஜீரோ. பாசிர் கூடாங்கிற்குப் பக்கத்திலேயே அது பறந்திருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்போம்.

புக்கிட் லாயாங்-லாயாங்கில் நடக்கும் பட்டத் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். வாவ் பட்டம் கட்டுபவர் மூங்கிலைச் சீவிக்கொண்டே இருப்பார். சீவச் சீவ எடை குறையும். பட்டம் இலேசான காற்றிலும் எழும். அளவுக்கு மீறிச் சீவினால் பலத்த காற்றில் முறிந்துவிடும்.

ஜீரோவை வடிவமைத்த மிட்சுபிஷி பொறியாளர் ஜிரோ ஹொரிகோஷிக்கும் அதே வேலைதான். வேகம் வேண்டும், நெடுந்தூரம் பறக்க வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும் என்றது கடற்படை. கையில் கிடைத்த இயந்திரமோ 1,000 குதிரைத்திறன்கூட இல்லாதது. விசையைக் கூட்ட முடியாதபோது முடுக்கத்தைக் கூட்ட என்ன வழி? நியூட்டனின் இரண்டாம் விதியைக் கேளுங்கள்: நிறையைக் குறைக்க வேண்டும். அவர் துத்தநாகம் கலந்த புதிய அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார். உள்சட்டங்களில் வட்ட வட்டமாகத் துளையிட்டு உலோகத்தை எடுத்தார்.

1940-இல் சேவைக்கு வந்த ஜீரோ, எரிபொருளோடும் குண்டுகளோடும் சுமார் 2,400 கிலோதான். இறக்கைப் பரப்பு 22.4 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் இறக்கை ஏறத்தாழ 107 கிலோவைச் சுமக்கிறது. மலாயாவைக் காக்க பிரிட்டிஷார் வைத்திருந்த பஃபலோ விமானத்தில் அது சுமார் 150 கிலோ. திரும்பும்போது இறக்கையின் தூக்குவிசை இரண்டு வேலை செய்கிறது: விமானத்தைத் தாங்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்து வளைக்கவும் வேண்டும். தாங்கும் சுமை குறைவென்றால் வளைப்பதற்கு மிச்சம் அதிகம். அதனால்தான் ஜீரோ சின்ன வட்டத்தில் திரும்பியது. (1941 டிசம்பரில் மலாயா வானில் பலர் ஜீரோ என்று நினைத்தது உண்மையில் ஜப்பானியத் தரைப்படையின் ஹயபுசா. அதுவும் இதே போன்ற இலேசான விமானம்தான்.)

ஆனால் எடைக் கணக்கில் இன்னும் இரண்டு பொருள்கள் விடுபட்டன. விமானியின் முதுகுக்குப் பின்னால் எஃகுத் தகடு இல்லை. எரிபொருள் தொட்டியைச் சுற்றி ரப்பர் இல்லை.

ரப்பர் எதற்கு? கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத பச்சை ரப்பரில் பெட்ரோல் பட்டால், நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே பெட்ரோல் புகுந்து ரப்பர் உப்பும். கந்தகம் சேர்த்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும், அவ்வளவாக உப்பாது. படிவம் 5 வேதியியலில் இதைப் படிப்பீர்கள். பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் பலவற்றில் தொட்டிக்கு இரண்டு வகை ரப்பராலும் அடுக்கு வைத்தார்கள். குண்டு துளைத்ததும் கசியும் பெட்ரோலே பச்சை ரப்பரை உப்பவைத்து ஓட்டையை அடைத்துவிடும். ஜீரோவில் அடைக்க ஒன்றுமில்லை. தொட்டியில் தீப்பற்றினால் விமானிக்குக் கிடைப்பது சில நொடிகள்.

இதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மலாயா அன்று உலகிலேயே அதிக ரப்பர் விளைந்த நாடு. ஜொகூர்த் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால்மரம் சீவி வாளியில் சேர்த்த அதே பால்தான் அது. 1942-இல் தோட்டங்கள் எல்லாம் ஜப்பானியர் கைக்கு வந்தன. ஆகவே தட்டுப்பாடு ரப்பருக்கு இல்லை. சில பத்துக் கிலோ எடையைச் சுமக்க மனம் இல்லை.

தொடக்கத்தில் நன்கு பயின்ற விமானிகள் இருந்ததால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. அவர்கள் எரிந்து விழ விழ, குறைந்த மணி நேரமே பறந்து பழகிய இளையவர்கள் அந்த இருக்கைக்கு வந்தார்கள். பிந்திய ஜீரோக்களில் தீயணைப்புக் கருவியும் கவசமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப்பட்டன. எடை ஏறியது, இயந்திரத்தின் வலு அந்த அளவுக்கு ஏறவில்லை.

இப்போது நம் பக்கத்துக் கதை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின், நேச நாடுகளின் தொழில்நுட்பப் பிரிவு ஒன்று பிடிபட்ட விமானங்களை ஜொகூரின் தெப்ராவ் விமானத்தளத்தில் சேர்த்து ஆராய்ந்தது. ஓட்டியவர்கள் போரில் பிழைத்த ஜப்பானியக் கடற்படை விமானிகள். மேற்பார்வை பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரிகளுடையது. அந்தப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

அங்கே ஜீரோவோடு ராய்டென் என்ற தடித்த விமானமும் பறந்தது. அதுவும் ஹொரிகோஷி வடிவமைத்ததுதான். இயந்திரம் ஏறக்குறைய இரு மடங்கு வலுவுள்ளது, எடை 3 டன்னுக்கு மேல். அதில் விமானியின் முதுகுக்குப் பின்னால் எஃகுத் தகடு இருந்தது.