ஒரு பொருளுக்கு ஒரே நிறம்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோவை எல்லையை ஒட்டியிருக்கிறது எங்கள் வடகரப்பதி ஊராட்சி. இந்த எல்லைப் பகுதியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் இன்று கணினியில் படம் வரைந்து கணிதம் கற்கிறார்கள். கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் நிறுவனமாயிற்று. அது பள்ளிகளுக்குத் தந்த மென்பொருள்களில் ஜியோஜீப்ராவும் ஒன்று. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கியது இது. ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் அதைச் சார்ந்த படம் முழுவதும் நகரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று நீலமாக வந்த கோடு நாளை சிவப்பாக, தடித்து வந்தால், பிள்ளை அதை வேறொன்றாக எண்ணிக் குழம்பும். இரயில்வேயில் கட்டுப்பாட்டு அறையின் வண்டி ஓட்ட வரைபடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் தூரம். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. விரைவு வண்டிக்கு ஒரு நிறம், சரக்கு வண்டிக்கு வேறு நிறம். பணிநேரம் மாறி ஆள் மாறினாலும் நிறம் மாறாது. அதனால்தான் வருபவர் பார்த்தவுடன் புரிந்துகொள்கிறார்.

பெற்றோர் வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை. முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: கொடுக்கப்பட்டது நீலம், நாம் வரைந்தது சாம்பல், விடை சிவப்பு. படத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல், கருவியை மட்டும் எடுத்து நிறத்தையும் தடிமனையும் அமைத்தால், அதன்பின் அக்கருவியால் வரைபவை அப்படியே வரும். ஏற்கெனவே வரைந்தவற்றுக்குத் தோற்றத்தை நகலெடுக்கும் கருவி இருக்கிறது: மாதிரியை முதலில் தொட்டு, பிறகு மற்றவற்றைத் தொட வேண்டும். அச்சுகளின் விகிதம் 1:1 ஆக இருக்கட்டும். இல்லையேல் வட்டம் முட்டையாகும், செங்கோணம் சாய்ந்து தெரியும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களிடையே கணிசமாக உண்டு. இரயில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை நடத்துவது இதற்காகவும்தான். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் நிறம் போய்விடும். ஆகவே ஒன்றை முழுக்கோடாகவும் மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள்.

கல்லூரியில் மேத்தமேட்டிகா பயன்படுத்தும் பிள்ளைகளுக்கு செட்ஆப்ஷன்ஸ் கட்டளை உண்டு. ஒருமுறை கொடுத்தால் அந்த அமர்வு முடியும்வரை நிற்கும். மேட்பிளாட்லிப்பில் பாணிக் கோப்பு ஒன்றை எழுதி வைத்து, வேண்டும்போதெல்லாம் அழைத்துக்கொள்ளலாம்.

சேமித்த ஜியோஜீப்ரா கோப்பில் நிறமும் தடிமனும் சேர்ந்தே பதிவாகின்றன. வெளியூரில் இருக்கும் பேரன் அனுப்பினால், ஊரில் தாத்தாவின் கணினியிலும் அதே சிவப்புக் கோடுதான் தெரியும். "அந்தச் சிவப்புக் கோடு ஏன் இங்கே வளைகிறது?" என்று தொலைபேசியில் கேட்டால் போதும். விளக்கம் தமிழிலேயே நடக்கட்டும்.