துளசிக்கு ஒரு விளக்கு

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் முற்றமும் துளசி மாடமுமாக இருந்த வீடுகள் பல, இன்று அடுக்கு மாடிகளாகிவிட்டன. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தரிசனம் தருகிறது! உங்கள் தொட்டித் துளசி நெட்டையாக வளர்ந்து, வெளுத்துச் சாய்கிறதா? மேலும் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். அதன் பசி வெளிச்சத்துக்கு.

இதற்கென்றே சிறிய எல்.இ.டி. விளக்குகள் கிடைக்கின்றன. இலையின் பச்சையம் முக்கியமாகச் சிவப்பு, நீல ஒளிகளை உட்கொள்கிறது. அதற்காக வீட்டை நாடக மேடை மாதிரி ஊதா நிறமாக்க வேண்டாம். நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகஸாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்திலிருந்து பிறந்ததுதான் வெள்ளை எல்.இ.டி. இளமஞ்சள் சாயலுள்ள வெள்ளையில் சிவப்பும் கூடுதலாக இருக்கும். இலையில் பூச்சி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

பெட்டியில் '1000 வாட்டுக்குச் சமம்' என்றிருந்தால் மயங்காதீர்கள். உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று கேளுங்கள். 20 வாட் விளக்கைத் தினம் 12 மணி நேரம் எரித்தால், 30 நாளில் 7.2 யூனிட் ஆகும். துளசி, புதினா, கொத்துமல்லி என்று ஒன்றிரண்டு சிறு தொட்டிகளுக்கு அது போதும், தக்காளிக்குப் போதாது. செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்க விடுங்கள். இரவில் அணைத்துவிடுங்கள், செடிக்கும் ஓய்வு வேண்டுமல்லவா?

பால்கனியில் நாலைந்து மணி நேரம் வெயில் விழுகிறதா? அப்படியானால் விளக்கே வேண்டாம். சூரிய பகவான் பில் அனுப்புவதில்லை!