வேலைத்தலத்துக்கு வெளியே ஒரு நாள்



கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் ஊரில் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் செய்து விற்கும் சிறிய வேலைத்தலம் ஒன்று இருக்கிறது. 17 பெண்கள் வேலை செய்கிறோம். பெரும்பாலானோர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். நானும் 2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து இரண்டு பிள்ளைகளுடன் ஊர் திரும்பியவள்தான். இப்போது இந்த வேலைத்தலத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.

பெரிய கம்பனிகள் தங்கள் ஊழியர்களை ஆண்டுக்கு ஒரு முறை நுவரெலியா, பெந்தோட்டை போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்றாக விளையாடி, ஒன்றாகச் சாப்பிட்டு, குழுவாக வேலை செய்யப் பழகுவதே அதன் நோக்கம். கதிரை மேசை கூட ஒழுங்காக இல்லாத எங்களுக்கு இது எதற்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அந்த எண்ணம் மாறியதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கேத்தல் இரண்டாகியது

2024 கார்த்திகை மாத மழைக்குள் வவுனியாவிலுள்ள ஒரு மொத்தக் கடை எங்கள் மிளகாய்த்தூளில் 40 கிலோவைத் திருப்பி அனுப்பியது. 100 கிராம் பைக்கற்றுகள் 400. தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு கிழமை உழைப்பு வீணானது.

வறுப்பவர்கள் "பொதி செய்தவையின்ரை பிழை" என்றார்கள். பொதி செய்பவர்கள் "மிளகாய் காயேல்லை, வறுத்தவைதான் பிழை" என்றார்கள். வறுப்பவர்கள் பெரும்பாலும் ஊரிலேயே பிறந்தவர்கள். பொதி செய்பவர்கள் பெரும்பாலும் மீள்குடியேற்றத்தின்போது வேறு இடங்களில் இருந்து வந்தவர்கள். ஆகவே தூளில் தொடங்கிய சண்டை ஊர்ச் சண்டையாக மாறியது. ஒரு கிழமைக்குள் தேநீர்க் கேத்தலும் இரண்டாகிவிட்டது. இரண்டு பேர் விலகிப் போகப் போவதாகவும் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் ஒரு தங்கச்சி ஒரு விடயத்தைச் சொன்னார். புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965 இல் குழுக்கள் வளரும் படிகளை எழுதியிருக்கிறார். முதலில் சேருதல், அடுத்து முரண்படுதல், பின்னர் ஒரு நெறிக்கு வருதல், அதன் பின்னரே ஒன்றாகச் செயற்படுதல். சண்டை வந்துவிட்டது என்பதற்காகக் குழு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் படியிலேயே நின்றுவிடுவதுதான் ஆபத்து. "ஒரு நாள் எல்லாரும் வெளியிலை போய்க் கதையுங்கோ அக்கா. அடுப்பும் தராசும் இல்லாத இடத்திலை" என்றார்.

எங்கே போக வேண்டாம்?

நான் உடனே கீரிமலை என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல தண்ணீர்க் கேணி, பெண்களுக்கு வேறான குளிக்கும் இடம், பக்கத்தில் கோயில், கடல். எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று மாலை எங்கள் கணக்கைப் பார்க்கும் பிள்ளை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கணவர் 2009 வைகாசியில் காணாமல் போனவர்.

"அக்கா, நான் வரேல்லை. குறை நினையாதேங்கோ."

"ஏன் பிள்ளை? சனம் கதைக்கும் எண்டோ?"

"அதில்லை அக்கா. கீரிமலைக்குப் போனால் ஆராவது திதி குடுக்கச் சொல்லுவினம். ஆடி அமாவாசைக்கும் மாமி ஒவ்வொரு வருசமும் கேக்கிறவ. நான் எப்பிடிக் குடுக்கிறது? அவர் இல்லையெண்டு நானே சொன்னமாதிரி ஆகிடும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏழு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். கீரிமலை தீர்த்தம் பிதிர்க் கடனுக்குப் பேர்போனது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளை நினைத்து நான் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் எல்லோருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம். எங்கே போக விருப்பம் என்று எழுதவும் வேண்டாம். எங்கே போக வேண்டாம், என்ன செய்ய வேண்டாம் என்று மட்டும் எழுதச் சொன்னேன். எழுத வராதவர்கள் தாங்கள் நம்பும் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார்கள். 17 சீட்டுகளில் நான்கில் முல்லைத்தீவுக் கடற்கரை வேண்டாம் என்றிருந்தது. ஒன்றில் "இரவு தங்க ஏலாது". ஒன்றில் "என்னை ஓட, குதிக்கச் சொல்ல வேண்டாம்". இன்னொன்றில் "சத்தம் வேண்டாம்". கீரிமலை வேண்டாம் என்று இரண்டு சீட்டுகள் இருந்தன. அந்த இரண்டாவது ஆள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

இறுதியில் காரைநகர் கசூரினாக் கடற்கரையைத் தெரிவு செய்தோம். ஆழமில்லாத, அமைதியான கடல். கடலில் இறங்க விரும்பாதவர்கள் சவுக்கு மரங்களின் கீழ் இருக்கலாம். காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

காசும் நாளும்

ஒரேயடியாக 2,000 ரூபா கேட்டால் எங்களில் பலரால் கொடுக்க முடியாது. ஆகவே மாதம் 500 ரூபா வீதம் நான்கு மாதம் சேர்த்தோம். 34,000 ரூபா சேர்ந்தது. பொது நிதியில் இருந்து 10,000 எடுத்தோம். மினிபஸ்ஸுக்கு 28,000 ரூபா. மிகுதி 16,000 சாப்பாடு, தண்ணீர், பிள்ளைகளின் செலவு. கணக்கு முழுவதையும் சுவரில் ஒட்டினோம்.

அந்த நாளை வேலை நாளாகவே கணக்கிட்டு நாட்கூலி கொடுத்தோம். நாட்கூலியில் வாழும் பெண்ணுக்கு ஒரு நாள் சும்மா போவது பெரிய இழப்பு. அத்துடன், "உல்லாசப் பயணம் போயினம்" என்று கதைக்க இருந்தவர்களுக்கு இது வேலை என்று சொல்லவும் முடிந்தது. மாமியார்மாருக்கும் தகப்பன்மாருக்கும் நானே நேரில் போய்ச் சொன்னேன்.

நாளைக் குறிக்கும்போது அரிவு வெட்டு முடிய வேண்டும், சித்திரைப் புத்தாண்டுக் கட்டளைகள் தொடங்கியிருக்கக் கூடாது, பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லாத நாளாக இருக்க வேண்டும் என்று பார்த்தோம். 2025 பங்குனியில் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. கத்தோலிக்கச் சகோதரிகளுக்குத் தவக்காலம். ஆகவே எல்லோருக்கும் மச்சம் இல்லாத சாப்பாடு.

முதற்கிழமையே நானும் இன்னொருவரும் பஸ்ஸில் போய் இடத்தைப் பார்த்து வந்தோம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, வாகனம் எவ்வளவு கிட்டப் போகும் என்று பார்த்தோம். எங்களில் ஒருவர் செயற்கைக் கால் போட்டவர். மணலில் அவருக்கு நடப்பது கடினம். நிழலுக்குக் கிட்ட இறக்கிவிட ஒழுங்கு செய்து, கதிரை ஒன்றையும் ஏற்றினோம்.

விளையாட்டுகளுக்கு ஒரு பட்டியல் கிடைத்தது. கண்ணைக் கட்டி நடப்பது, பலூன் உடைப்பது, பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து மற்றவர்கள் பிடிப்பது. "சத்தம் வேண்டாம்" என்ற சீட்டை நினைத்துப் பலூனை வெட்டினோம். திடீர் வெடிச்சத்தம் எங்களில் சிலரை எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண் கட்டுவதையும் விழுவதையும் விட்டுவிட்டோம்.

சோற்றுப் பார்சல்

விடியப்புறம் மூன்று மணிக்கு இரண்டு வீடுகளில் சமையல். சீட்டுப் போட்டு ஆட்களைப் பிரித்ததால் இரண்டு வீடுகளிலும் வறுப்பவர்களும் பொதி செய்பவர்களும் கலந்தே இருந்தார்கள். ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பூநகரி வழியாக, 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. பிள்ளைகள் மட்டும்தான் கதைத்தார்கள். பெரியவர்கள் இரண்டு பக்கமாகவே இருந்தோம்.

கடற்கரையில் முதல் விளையாட்டு ஒரு படங்கு. எட்டுப் பேர் படங்கின்மேல் நிற்க வேண்டும். கால் மணலில் படாமல், நின்றபடியே படங்கை மறுபக்கம் புரட்ட வேண்டும். கதிரையில் இருந்த அக்காதான் கட்டளை போட்டார். மேலே நிற்பவர்களுக்குத் தெரியாத மூலை தூரத்தில் இருந்த அவருக்குத் தெரிந்தது. மூன்றாம் முறை சரி வந்தது. சிரிப்பும் வந்தது.

பிறகு மத்தியானம் பார்சலைப் பிரித்தோம். பாதிப் பார்சல்கள் புளித்துப் போயிருந்தன.

ஒரு வீட்டில் சோற்றைப் பாயில் பரப்பி ஆறவிட்டுக் கட்டியிருந்தார்கள். மற்ற வீட்டில் மினிபஸ் வந்து ஹோர்ன் அடித்ததும் அவசரத்தில் சுடச்சுடக் கட்டிப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டார்கள். ஆனால் இந்த முறை யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்க ஆட்களும் அந்த வீட்டில் இருந்தார்கள். இருந்த பார்சல்களைப் பிரித்து எல்லோரும் அரைவயிறு சாப்பிட்டோம்.

"சூட்டோடை கட்டினால் வேர்க்கும்தானே" என்றார் வறுக்கும் பகுதியில் மூத்த அக்கா. சொன்னவர் அப்படியே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

பொதி செய்யும் பிள்ளை ஒருத்திதான் தொடங்கினாள். "அண்டைக்கும் இதுதான் அக்கா நடந்தது. ஆலையிலை இருந்து தூள் வரேக்கை இரண்டு மணி. கை வைக்கேலாத சூடு. நாலு மணிக்கு லொறி. ஆறவிட எங்களுக்கு எங்கை நேரம்?"

"நாங்கள் பதினொரு மணிக்கே வறுத்து முடிச்சிட்டம். ஆலையிலை வரிசை. அது உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியாது அக்கா. நீங்கள் பிந்தி அனுப்பினியள் எண்டுதான் நினைச்சம்."

அரைத்த தூளைச் சூட்டோடு பைக்குள் அடைத்தால் உள்ளே நீராவி படியும். ஈரத்தில் தூள் கட்டிபடும், பூஞ்சணம் பிடிக்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான். அன்று லொறிக்கு நாலு மணி என்று நேரம் குறித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். கடைக்காரர் அவசரப்படுத்த, யாரிடமும் கேட்காமல் சம்மதித்தது நான். நான்கு மாதமாக இரண்டு பக்கமும் சண்டை பிடித்தபோது நான் நடுவராக நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தான் பிழை விட்டனான்" என்று சொன்னேன். சொல்வது இலகுவாக இருக்கவில்லை. பொறுப்பில் இருப்பவள் பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்ற பயம் எனக்குள் இருந்தது. மூத்த அக்கா ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் இரண்டிரண்டு பேராக, ஒரு பகுதிக்கு ஒருவராக இருந்து, "உன்ரை வேலையிலை எனக்குத் தெரியாத கஷ்டம் ஒண்டு சொல்லு" என்று கேட்டுக் கதைத்தார்கள். அரை மணித்தியாலம் என்று ஒதுக்கியது ஒன்றரை மணித்தியாலம் ஆகியது. கணக்குப் பிள்ளை தன் மகளுடன் முழங்கால் தண்ணீரில் நின்றாள். மினிபஸ் புறப்படும்வரை அவளைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்த பிறகு

திங்கட்கிழமை இரண்டு மாற்றங்களை மட்டும் செய்தோம். தூளைத் தட்டுகளில் பரப்பி, துணியால் மூடி, நன்றாக ஆறிய பின்னர் மறுநாள் காலையில்தான் பொதி செய்கிறோம். கட்டளை எடுக்கும்போது நான் வறுக்கும் பகுதியிலும் பொதி செய்யும் பகுதியிலும் ஒவ்வொருவரைக் கேட்டே நாள் சொல்கிறேன். அதன் பின்னர் பூஞ்சணம் என்று ஒரு பைக்கற்றும் திரும்பி வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சண்டையில் கூடக் கதைத்த இருவர் இன்னமும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. ஆனால் வேலையில் கதைக்கிறார்கள். விலகப் போவதாகச் சொன்னவர்களில் ஒருவர் நின்றுவிட்டார். மற்றவர் போய்விட்டார். கேத்தல் மறுபடி ஒன்றாகியிருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் தையல் நிலையத்திலோ, பால் சேகரிப்புச் சங்கத்திலோ, பனையோலைக் குழுவிலோ இப்படி ஒரு நாளை ஒழுங்கு செய்ய நினைத்தால் தூர இடமும் பெரிய செலவும் வேண்டியதில்லை. பக்கத்து ஊர் மரநிழலும் போதும். முதலில் எங்கே போக வேண்டாம் என்று பெயரில்லாமல் கேளுங்கள். கூலியை வெட்டாதீர்கள். பிள்ளைகளையும் நடக்க ஏலாதவர்களையும் முதலில் கணக்கில் எடுத்து, பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள். ஒருவருடனும் சேராத இருவரைச் சமையலில் ஒன்றாக விடுங்கள். யாரையும் பழைய கதை சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். திரும்பி வந்ததும் ஒன்றிரண்டு மாற்றங்களையாவது அந்தக் கிழமைக்குள்ளேயே செய்யுங்கள். பொறுப்பில் இருப்பவர் நீங்கள் என்றால், உங்கள் பங்குப் பிழை என்ன என்று புறப்படும் முன்னரே யோசித்து வையுங்கள்.

சென்ற மாதம் கணக்குப் பிள்ளை அடுத்த பயணத்துக்கு 500 ரூபா சேர்க்கும் கொப்பியைத் திறந்து என் மேசையில் வைத்தாள். முதலாவது பெயராகத் தன் பெயரை எழுதியிருந்தாள்.

"இந்த முறையும் வேண்டாம் சீட்டு எழுதுவம்தானே அக்கா?" என்று கேட்டாள்.

"எழுதுவம் பிள்ளை" என்றேன்.