கணக்கு வராதா, கணக்கு லேட்டா வருதா?

போன வாரம் திருநெல்வேலி போயிருந்தேன். சித்தி மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறா. "அண்ணே, எனக்கு கணக்கு வராது போல, குரூப் மாத்திரட்டுமா?"ன்னு கேட்டா. புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். பிரச்சினை அவகிட்ட இல்லை, பாடம் வர்ற வரிசையில இருக்கு.

நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல, இயற்பியல் முதல் தொகுதியின் இரண்டாவது அலகு இயக்கவியல். வெக்டரும் வகையீடும் அங்கேயே தேவைப்படுது. புத்தகம் ஒரு சின்ன அறிமுகம் தருது, அவ்வளவுதான். கணக்குல அந்த ரெண்டு பாடமும் இரண்டாம் தொகுதியிலதான் வருது. புரோகிராமர் பாஷையில சொன்னா, ஃபங்ஷனை எழுதுறதுக்கு முன்னாடியே கால் பண்றோம். எரர் வராம என்ன செய்யும்?

இன்னொரு சிக்கலும் இருக்கு. இயற்பியல்ல தூரம், நேரம்னு வர்றது கணக்குல ஒய், எக்ஸ்னு வருது. ரெண்டும் ஒரே சாய்வுதான்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். பல நேரம் யாரும் சொல்றதில்லை.

அதனால அவகிட்ட அன்னைக்குப் பேப்பரை எடுத்துக் காட்டினேன். பாபநாசம் அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம்னு தினமும் போடுவாங்களே, அதுதான். ஒரு உதாரணத்துக்கு, விநாடிக்கு 3,000 கன அடி வருது, 1,000 கன அடி போகுதுன்னு வைங்க. மிச்சம் 2,000. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினா அணையில 17.28 கோடி கன அடி தண்ணி சேருது. இப்படிச் சேர்க்கிறதுதான் தொகையீடு. வரத்து நிமிஷத்துக்கு நிமிஷம் மாறினா, சின்னச் சின்ன துண்டா பிரிச்சுக் கூட்டணும்.

இப்போ அடுத்த கேள்வி: நீர்மட்டம் எவ்வளவு வேகமா ஏறும்? மலைக்கு நடுவுல இருக்கிற அணை, அடியில குறுகலா, மேல அகலமா இருக்கும். அதே அளவு தண்ணி அடியில சட்டுனு ஏத்தும். முழுக்கொள்ளளவான 143 அடியை நெருங்கும்போது மெதுவாத்தான் ஏத்தும். அந்த வேகம்தான் வகையீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு இது வெறும் கணக்கு இல்லை.

பாடத்திட்டம் மாறுற வரைக்கும் காத்திருக்கணுமா? வேண்டாம். காலாண்டுத் தேர்வுக்குத் தனி போர்ஷன் இருக்கிறது உண்மைதான். ஆனா ஜூன்ல ரெண்டு ஆசிரியர்களும் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல வச்சு ஒரு மணி நேரம் பேசலாம். இயக்கவியலுக்கு முன்னாடி கணக்கு வகுப்புல நாலு பீரியட் ஒதுக்கலாம்.

தங்கச்சி இன்னும் குரூப் மாத்தலை. நேத்து மெசேஜ் பண்ணியிருந்தா: "அண்ணே, மணிமுத்தாறுக்கும் போட்டுப் பார்த்தேன்."