ராகித் தோலைச் சலித்து எறியாதீர்கள்

கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் கோலார் மாவட்டத்து நிலங்களில் ராகி இன்றும் விளைகிறது. நம் வீடுகளில் களி இன்றும் வேகிறது. இந்தக் களிக்கும் பெண்களின் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

நம் நாட்டில் பல பெண்களுக்கு 45 முதல் 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அப்போது உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடுகிறது. வயிற்றுப் பகுதியில் சதை போடுகிறது. சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு அதிகமாகிறது.

ராகியின் சிவந்த தோலில் நார்ச்சத்து உண்டு. பாலிபீனால் என்னும் பொருள்களும் உண்டு. உண்ட மாவு சர்க்கரையாக மாறும் வேகத்தை இவை குறைக்கின்றன. மாவை நைசாகச் சலித்தால் இந்தத் தோல் போய்விடும். ஆகவே சலிக்காத மாவில் களி கிண்டுங்கள்.

ராகியிலும் மாவுச்சத்து நிறைய உண்டு. அதனால் களி உருண்டையைச் சிறிதாக்குங்கள். அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு, கீரை ஆகியவற்றைக் கூடுதலாகச் சேருங்கள். பயறுகளில் உள்ள நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

உணவு நல்லதுதான். ஆனால் அது மருந்துக்கு மாற்று ஆகாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு அழுத்துகிறதா? மூச்சு வாங்குகிறதா? திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறதா? 'மாதவிலக்கு நின்றதால்தான் இப்படி' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.